இன்று வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்

சம்பளம் எந்த நாளில் ஏறும் என்பது கம்பெனிக்குள் இருக்கிற எங்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கேட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகள் பலவற்றில் அது 7ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதிக்குள் ஏதோ ஒரு நாள். அன்று சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு, கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் இருக்கிற பத்துப் பதினைந்து நிமிஷத்தை நம்பி ஒரு சின்னச் சந்தையே கூடிவிடும். நைட்டி மூட்டையோடு ஒருவர், எக்ஸ்எல் வண்டியின் பின்னால் எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கிக் கட்டியவர், கவரிங் தோடு விற்கும் அம்மா. பிளாஸ்டிக் சேர் விற்பவர் கூட வருவார். "இப்ப நூறு குடும்மா, மீதியை அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்ற குரல்தான் எல்லாப் பக்கமிருந்தும் கேட்கும். இப்போதெல்லாம் அந்த நூறையும் தேட வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு க்யூஆர் அட்டை தொங்குகிறது.

அப்படி ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். வாங்குகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்டிச்சிங் லைனில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கிற பெண்கள். ஓவர்டைமில் அரை மணி குறைந்திருந்தால் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். வேலூர் டோல்கேட் உழவர் சந்தையில் தக்காளி கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைச்சல் என்று அதற்காக முன்னாலேயே இறங்கி நடப்பவர்கள். இவர்களை ஊதாரி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷத்தில், வீட்டில் ஏற்கெனவே நாலு இருக்கிற டப்பாவில் ஐந்தாவதை வாங்குவதும் இவர்கள்தான்.

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் மனக்கட்டுப்பாடு பற்றிய அறிவுரைகளில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பார்த்தவுடன் வாங்குவதைக் குணக்கேடு என்று நான் நினைப்பதில்லை. ஆசை வருவதற்கும் காசு போவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அந்த நேரத்தைச் சுருக்குவதற்கென்றே எத்தனையோ பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். அதை நீட்டுகிற வேலைக்கு மட்டும் ஆள் கிடையாது, நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

"இது தேவையா, ஆசையான்னு உன்னையே கேட்டுக்கோ" என்று எல்லாரும் சொல்வார்கள். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள், எல்லாமே தேவையாகத்தான் தெரியும். ஏர் ஃப்ரையர் வீட்டுக்காரரின் கொலஸ்ட்ராலுக்கு. மூன்றாவது வாட்டர் பாட்டில் பையனின் டியூஷனுக்கு. புடவைக்குக் கேட்கவே வேண்டாம், வைகாசியில் யாருக்காவது வளைகாப்பு இருக்கும். மனசு கைதேர்ந்த வக்கீல், எந்தக் கட்சிக்கும் வாதாடும். அதனால் அதனிடம் வாதத்துக்கே போகக்கூடாது என்பது என் கட்சி. "இதை நாளைக்குச் சாயங்காலமும் வாங்குவேனா?" என்ற ஒரே கேள்வி போதும். அதற்கு இப்போதே பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் அதில் இருக்கிற வசதி. நாளைக்குச் சாயங்காலம் தானாகத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் இப்படித் தள்ளிப்போட வேண்டும் என்றும் இல்லை. ஹாக்கின்ஸ் ஸ்டெர்ன் என்ற அமெரிக்கர் 1962லேயே திட்டமில்லாமல் வாங்குவதை நாலு வகையாகப் பிரித்தார். நேதாஜி மார்க்கெட்டில் பூண்டைப் பார்த்ததும் வீட்டில் தீர்ந்துபோனது ஞாபகம் வந்து வாங்குவது ஒரு வகை. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. முன்பின் தெரியாத பொருளைப் பார்த்த பிறகு அதற்கு ஒரு தேவையைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. தள்ளுபடி இருந்தால் ஏதாவது வாங்கலாம் என்று வெறும் பையோடு கிளம்புவது மூன்றாவது, நம் ஆடி மாதக் கூட்டம் முழுக்க இந்த வகை. ஒரு காரணமும் இல்லாமல் சட்டென்று கை நீள்வது நாலாவது. காசைத் தின்பது நடுவில் இருக்கிற இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசி வகை அபூர்வம், அதில் கொஞ்சம் சந்தோஷமாவது மிஞ்சும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கண்ணில் பட்டால் வாங்குவது எந்த வகையில் சேரும் என்று தெரியாது. சேர்ந்தாலும் நிறுத்தப் போவதில்லை. 2023இல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டது.

சரி, ஆசைக்கும் காசுக்கும் நடுவில் இருந்த அந்த நேரம் எங்கே போனது?

நோட்டாகக் கொடுக்கும்போது கொடுக்கிறோம் என்று கைக்குத் தெரியும். ஐநூறை உடைக்க ஒரு தயக்கம் இருக்கும். உடைத்த பிறகு மிச்சம் எப்படிப் போனது என்று தெரியாது என்பது வேறு கதை. இந்தத் தயக்கத்துக்கு விலை உண்டு என்று 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள் காட்டினார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் மேலாண்மை படிக்கும் மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். பாதிப் பேரிடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றார்கள், பாதிப் பேரிடம் கிரெடிட் கார்டில் கட்டலாம் என்றார்கள். டிக்கெட் ஒன்றுதான், போட்டி ஒன்றுதான். கார்டுக்காரர்கள் கேட்ட விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அது அட்டையை எடுத்துத் தேய்த்துக் கையெழுத்துப் போட்ட காலம். 2016இல் யுபிஐ வந்தது. அட்டையும் போய், ரகசிய எண் மட்டும் மிச்சம். 2022இல் யுபிஐ லைட் வந்தது, கொஞ்சம் பணத்தை அதில் முன்னாலேயே ஏற்றி வைத்துக்கொண்டால் கட்டும்போது அந்த எண்ணும் வேண்டாம். இப்போது அதில் ஒரு தடவைக்கு 1000 ரூபாய் வரைக்கும் கட்டலாம், மொத்தமாக 5000 ரூபாய் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். டவுன் பஸ்ஸில் சில்லறைக்கு அடித்துக்கொண்ட ஊர் இது. இந்த வசதியை நான் குறை சொன்னால் கண்டக்டர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஆனால் டீக்கும் பஸ்ஸுக்கும் செய்து வைத்த வசதி 900 ரூபாய்ச் செருப்புக்கும் அதே வேகத்தில் வேலை செய்கிறது. ஆகவே அதில் 200, 300 ரூபாய்க்கு மேல் ஏற்றுவதில்லை, தானாக நிரம்பிக்கொள்ளும் வசதியையும் அணைத்து வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நிஜமாகப் பலன் கொடுத்த ஏற்பாடு ஒன்று உண்டு. சம்பளம் ஏறுகிற கணக்கை எந்த ஆப்பிலும் இணைக்கவில்லை. வாடகை, ஸ்கூல் ஃபீஸுக்கான மாதப் பங்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லில் பாதி, போஸ்ட் ஆபீஸ் ஆர்டி எல்லாம் முதல் வாரத்திலேயே அங்கிருந்து பிரிந்து போய்விடும். இன்னொரு வங்கியில் செலவுக்கென்று ஒரு கணக்கு. போனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாரத்துக்கான தொகையை அதில் போடுவோம். வியாழக்கிழமை ஒரு குர்தியைப் பார்த்து ஆசைப்பட்டால் கணக்கில் 340 ரூபாய்தான் இருக்கும். வேண்டாம் என்று நான் முடிவெடுக்க வேண்டியதே இல்லை, ஞாயிறு வரை அது தானாகக் காத்திருக்கும். பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கே வருவதில்லை.

மாதத்துக்கு ஒரு தடவை போட்டால் இது நடக்காது. சம்பளம் வந்த வாரம் ராஜா, கடைசி வாரம் கடன்காரர் என்கிற கதைதான். ஏன் வாரக்கணக்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்வேன். திலீப் சோமன், அமர் சீமா என்ற இருவர் இந்தியக் கிராமப்புறத்தில் கூலிக்கு வேலை செய்யும் கட்டுமானத் தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு செய்து 2011இல் வெளியிட்டார்கள். சேமிப்புக்கென்று ஒதுக்கிய பணத்தைச் சிலருக்கு ஒரே கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள், சிலருக்கு அதே பணத்தை இரண்டு கவராகப் பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டு கவர் வைத்திருந்தவர்கள் அதிகம் சேமித்தார்கள். கவர் மேல் பிள்ளைகளின் போட்டோ ஒட்டியிருந்தபோதும் அதிகம் சேமித்தார்கள். ஒரு தடவை கிழித்த கவரில் மிச்சம் தங்காது. ஒட்டிய கவரைக் கிழிக்கத்தான் யோசனை வருகிறது. வாரம் ஒரு கவர் என்றால் மாதத்துக்கு நாலு தடவை யோசிக்கிறோம். அரிசி டப்பா, பருப்பு டப்பா, அஞ்சறைப் பெட்டி என்று காசைப் பிரித்து ஒளித்து வைத்த நம் வீட்டுப் பெண்களுக்கு இது ஆய்வில்லாமலே தெரிந்திருந்தது.

போனுக்குள் இருக்கும் கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "இன்னும் 2 மட்டுமே உள்ளன", "07:42 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று ஓடும் கடிகாரம், நாம் போடாத பொருள் கூடையில் ஏறி உட்கார்ந்திருப்பது, ஒரு சலுகையை மறுக்க வேண்டும் என்றால் "வேண்டாம், எனக்குச் சேமிப்பதில் விருப்பமில்லை" என்ற பட்டனை அழுத்த வைப்பது எல்லாம் தற்செயல் கிடையாது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பொய் அவசரம், கூடையில் திணிப்பது, வெட்கப்பட வைப்பது, சந்தாவில் சேர்ந்தால் வெளியே வர முடியாமல் செய்வது எல்லாம் அதில் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரும் கொடுக்கலாம். ஆனால் இரவு பத்தரைக்குப் படுக்கையில் கிடக்கும்போது சட்டம் பக்கத்தில் வந்து நிற்காது. நோட்டிஃபிகேஷனை அணைப்பதும், ஆப்பில் சேமித்து வைத்த கார்டை நீக்குவதும் நம் வேலைதான். ஒவ்வொரு தடவையும் 16 இலக்கத்தை அடிக்க எழுந்து போய்ப் பர்ஸைத் தேட வேண்டும் என்றாலே பாதி ஆர்டர் நின்றுவிடும். வங்கி ஆப்பிலேயே கார்டின் ஆன்லைன் உபயோகத்தை அணைத்து வைக்கலாம், வரம்பும் வைக்கலாம். 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கியும் இந்த வசதியைத் தந்தாக வேண்டும். வேண்டும்போது ஆன் செய்துகொள்ள ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம்தான் நமக்கு வேண்டியது.

சந்தாக்களுக்கு இரண்டு வரி. தானாகக் கழிக்கப்படும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழிக்காதீர்கள்.

'நோ காஸ்ட் இஎம்ஐ'யைப் பற்றி அக்கவுண்ட்ஸ்காரி என்ற முறையில் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: கடைக்காரர் வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி தருவது போல் காட்டுவார், வங்கி அதே வட்டியைத் தவணையில் வாங்கிக்கொள்ளும். கிரெடிட் கார்டில் போட்டால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில். பிராசசிங் கட்டணம் இருந்தால் அதுவும். ரொக்கமாக வாங்குகிறவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடி நமக்குப் போச்சு. இந்தத் தொகையெல்லாம் பெரிதில்லை, ஒப்புக்கொள்கிறேன். பெரிய கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. 24,000 ரூபாய் போன் என்றால் நாலு நாள் யோசிக்கிறவர், மாதம் 2,000 என்றதும் நின்ற இடத்தில் தலையாட்டிவிடுகிறார். யோசிக்கிற நாலு நாளைத்தான் அவர்கள் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ' மட்டும் கட்டி மீதியைத் தள்ளினால் கதையே வேறு. மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு 42. மீட்டர் வட்டிக்காரரை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் செட்டிங்ஸை மாற்றினால் சரியாகிவிடும் சங்கதிகள். எந்த செட்டிங்ஸுக்கும் அடங்காதது முகதாட்சண்யம். எங்கள் தெருவில் ஓர் அக்கா வாட்ஸ்அப் குரூப் வைத்துப் புடவை விற்கிறார். சத்துவாச்சாரியில் இப்படித் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். நல்ல மனுஷி, உடம்பு சரியில்லை என்றால் ரசம் வைத்துக்கொண்டு வருவார். அவர் வாசலில் நின்று, "இன்னாம்மா, இந்த மாம்பழக் கலர் உனக்குன்னே எடுத்து வெச்சேன், ஒரே பீஸ்தான் கீது" என்றால் ஆப்பை மூடுவது போல் மூடிவிட முடியாது. வாங்காவிட்டால் நாளைக்குப் பால் வாங்கப் போகும்போது முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவருக்கும் அது பிழைப்பு. கம்பெனி கேட்டில் நைட்டி விற்பவரும் இப்படித்தான், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அக்கா மகளின் கல்யாணத்துக்கு எல்லாரும் ஒரே கலர் பட்டு எடுக்கலாம் என்று சொந்தக்காரர்கள் குரூப்பில் முடிவாகி, ஆரணிக்குப் போக வேன் பேசியாகிவிட்ட பிறகு, "நான் பழசையே கட்டிக்கறேன்" என்று சொல்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

இதற்கு என் அத்தையை, அதாவது மாமியாரைத்தான் குருவாக வைத்திருக்கிறேன். புடவையைப் பிரித்துப் பார்ப்பார். முந்தானையைத் தடவுவார். "அழகா கீதுடி, யாருக்குமே எடுக்கத் தெரியாத கலர் எடுத்திருக்க" என்று மனசார மெச்சுவார். மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். மாமனார் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அந்த அக்காவுக்கும் தெரியும், சாவுக்கு வந்திருந்தவர்தானே. ஆனாலும் அந்தப் பதிலுக்கு மறுபதில் கிடையாது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அத்தை, யாரைக் கேக்கப் போறீங்க?"

"என்னையேதான் கேட்டுக்கப் போறேன். நாளைக்கு."

சம்பாதிக்கிற பெண்கள் நாங்களும் இதைச் சொல்லித்தான் தப்பிக்கிறோம். புருஷனைக் கேட்டுத்தான் வாங்க வேண்டுமா என்று எனக்குள் இருக்கிறவள் கொஞ்சம் முறைப்பாள். முறைக்கட்டும். வேண்டாம் என்று சொல்லாமலே வேண்டாம் என்று சொல்ல இதைவிட மரியாதையான வழி எனக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் அந்த அக்காவிடம் வருஷத்துக்கு ஒரு புடவை, பொங்கலுக்கு, கட்டாயம் எடுப்பேன். அது அவருக்கும் தெரியும் என்பதால் நடுவில் அவ்வளவு வற்புறுத்துவதில்லை.

வெயிலையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் பகல் 40 டிகிரியைத் தாண்டும். பஜாரில் மளிகை வாங்கப் போனவர் ஐந்து நிமிஷம் ஏசியில் நிற்கலாமே என்று துணிக்கடைக்குள் நுழைகிறார். சும்மா நிற்க முடியாது, விற்பனைப் பெண் வந்து தண்ணீர் கொடுப்பாள். தண்ணீர் குடித்த பிறகு வெறுங்கையோடு வெளியே வர நமக்கு வராது. மே மாதத்தில் சாமான் வாங்கக் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். ஏசிக் கடைகள் அப்போது திறந்திருக்காது.

சேமிப்பைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. கைக்கு எட்டாத இடத்தில் பணம் இருப்பதுதான் முக்கியம். தீபாவளிச் சீட்டுக்கு இத்தனை வருஷமும் ஆதரவு இருந்ததற்கு அதுதான் காரணம், வட்டியோ ஸ்வீட் பாக்ஸோ இல்லை. ஆனால் நம் வடாற்காட்டுப் பக்கம் அளவுக்கு மீறிய வட்டி தருகிறோம் என்றவர்களை நம்பி எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குப் போஸ்ட் ஆபீஸ் ஆர்டி போதும். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்து வருஷம். போட்டு மூன்று வருஷம் ஆவதற்குள் முடித்து எடுக்க முடியாது. இதைக் குறை என்று சொல்வார்கள். நான் அதற்காகத்தான் போட்டேன்.

செலவைக் குறைக்கச் சொல்லும் கட்டுரைகள் எல்லாம் முதலில் டீயில் கை வைக்கும். தினம் ஒரு டீ, வருஷத்துக்கு இவ்வளவு, இருபது வருஷத்தில் இத்தனை லட்சம் என்று கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. ஒரு முழம் மல்லிகையை நிறுத்திச் சேர்த்த காசில் வீடு கட்டினவர்களை நான் பார்த்ததில்லை. வெறுத்துப்போய் ஒரே நாளில் மூவாயிரத்துக்கு வாங்கித் தள்ளினவர்களைப் பார்த்திருக்கிறேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற தெருக்களில் வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் லாட்ஜ் அறையிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். காய்கறிக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பத்து ரூபாய்க்கு என்று வாங்குவார்கள். ஒவ்வொரு ரூபாயும் மருந்துக்கு எழுதி வைத்தது. அவர்களும் ஊருக்குக் காட்பாடியில் ரயில் ஏறுவதற்கு முதல் நாள் பஜாரில் பேரம் பேசி ஒரு புடவையோ, பிள்ளைக்கு ஒரு பொம்மையோ வாங்குவதைப் பார்க்கலாம். அதைத் தண்டச் செலவு என்று எந்த நோட்டில் எழுதுவது?

அதனால் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு கைச்செலவு உண்டு. அத்தைக்கு, வீட்டுக்காரருக்கு, எனக்கு, ஒன்பதாவது படிக்கும் பையனுக்கு. தொகை வேறு வேறு, விதி ஒன்றுதான்: எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. அத்தையின் பணம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. ரத்தினகிரி முருகனுக்கு ஒரு பங்கு போகிறது என்பது என் யூகம். பையன் முதலில் கேமில் ஏதோ துப்பாக்கிக்குக் கலர் வாங்கினான். எனக்கு வாய் துறுதுறுத்தது, கேட்கவில்லை. இப்போது ஷூவுக்குச் சேர்க்கிறான், அதுவும் கம்பெனி ஷூவுக்கு. அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்வதால் ஒரு சலுகையும் இல்லை என்பது அவனுடைய பெரிய மனக்குறை.

கைச்செலவைத் தாண்டி 1,000 ரூபாய்க்கு மேல் எது வாங்குவதானாலும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் தாளில் பொருளையும் தேதியையும் எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் பேசுவோம். மிக்சி ரிப்பேர் மாதிரி அவசரத்துக்கு விலக்கு உண்டு. ஏர் ஃப்ரையரை நானே எழுதி நானே அடித்தேன். ஸ்மார்ட் வாட்சை அடித்திருக்கிறார்கள், யார் என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் பொங்கலுக்கு எழுதிய டிரில்லிங் மெஷின் மட்டும் ஆடி பிறந்த பிறகும் அடிபடாமல் இருக்கிறது. போன வாரம் அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் விலையையும் திருத்தியிருக்கிறார், 400 ரூபாய் குறைந்திருக்கிறதாம். மனுஷனுக்கு நிஜமாகவே வேண்டும் போலிருக்கிறது. தீபாவளி போனஸ் வந்ததும் வாங்கிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். எந்தச் சுவரில் முதல் ஓட்டை போடுவது என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை.